இருநூற்றுப் பதினான்காம் கடையின் ஞானத்தாய்

பல்கலைக்கழகங்கள் அச்சடித்துத் தரும் வழவழப்பான விளக்கப் புத்தகத்தைச் சிக்ஸ்தா கல்சினா பின்பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முன்னட்டையில் கறுப்புத் தொப்பியை வானத்தில் வீசிவிட்டுப் பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். கத்தியை ஏப்ரனில் துடைத்து ஓரமாக வைப்பாள். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்புச் சாரையாக ஓடும் பொடி எழுத்துகளின்மேல் சுட்டுவிரலை வைப்பாள். விரல் நகர, உதடும் நகரும். படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆகவே அவசரப்படமாட்டாள். அந்த வரிகளில் அரசாங்க மேற்பார்வை அலுவலகம் கொடுத்த உரிம எண் இல்லையென்றால், புத்தகத்தை இரண்டாகக் கிழித்து அதிலேயே பாலாடைக்கட்டியைப் பொதிந்து கொடுத்துவிடுவாள். நல்ல தாள், ஈரம் கசியாது என்பதில் அவளுக்குத் திருப்தி.

ஹுலியாக்கா சந்தையில் இருபத்தெட்டு வருடமாகப் பாலாடைக்கட்டி விற்கிறாள். மலைக்காற்று புழுதியை வாரி இறைக்கிற ஊர் என்பதால், கட்டிகள் எல்லாம் வெள்ளைத் துணிக்குள் பிள்ளைப்பேறு வார்டில் படுத்திருக்கும் சிசுக்களைப்போல் வரிசையாக இருக்கும். கிராமத்திலிருந்து கட்டி கொண்டுவருகிறவன் எவனாக இருந்தாலும், சொந்தத் தம்பியே ஆனாலும், ஒரு விள்ளலைக் கிள்ளி அதன்மேல் அயோடின் சொட்டு விடுவாள். நீலமானால் உருளைக்கிழங்கு மாவு கலந்திருக்கிறது. “எடுத்துட்டுப் போ ராசா. நீ விவசாயின்னு நெனச்சேன், நீ சமையல்காரன்” என்பாள். சத்தம் போடமாட்டாள். அவன்தான் சத்தம் போடுவான்.

இந்தப் பெண்மணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஹுலியாக்காவில் யாரும் தனியாகப் பட்டம் வாங்கிவிட முடியாது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் இருப்பதுபோல் பட்டத்துக்கும் ஒருத்தி வேண்டும். விழாவன்று விரலில் மோதிரம் போட்டு, தோளில் பட்டை கட்டி, பேண்டு வாத்தியத்துக்கும் பீருக்கும் பொறுப்பேற்று, விடியும்வரை ஆடவும் வேண்டும். அந்த ஞானத்தாயைப் படிப்பில் சேரும்போதே கேட்டு உறுதி செய்துவிடுவார்கள். கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. துணி மூடிய கூடையில் ரொட்டி, பழம், ஒரு பாட்டில். கூடையை வாங்கி வைப்பது வெறும் மரியாதை. அதிலிருந்து ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் பின்வாங்க முடியாது. பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டாலும், திருமணமாகி ஓடிப்போனாலும், ஞானத்தாய் ஞானத்தாய்தான்.

சிக்ஸ்தா இதுவரை பதினேழு பேருக்கு மோதிரம் போட்டிருக்கிறாள். கஞ்சத்தனம் கிடையாது. ஆட்டத்தில் இளவட்டங்களைத் தோற்கடிப்பாள். சொற்பொழிவு இரண்டே வாக்கியம். சொல்லவா வேண்டும், சந்தையில் பாதிப் பேர் அவளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கூடை வந்த அன்று அவள் ரொட்டியைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. தராசுக்கு மேலே உள்ள பலகையில் கூடையை ஏற்றி வைத்துவிடுவாள். எதிரே நகல் கடை வைத்திருக்கும் அப்தியாஸ், மேற்பார்வை அலுவலகத்தின் இணையப் பக்கத்திலிருந்து உரிமம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலை அச்செடுத்துத் தருகிறவரை கூடை அங்கேயே இருக்கும். அப்தியாஸின் இயந்திரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் உடம்பு சரியிருக்காது.

“அக்கா, ரொட்டி காயுதே” என்று ஒரு முறை காய்கறிக்காரி ஒருத்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டாள். அவள் மகனுக்காகக் கொண்டுவந்த கூடை அது.

“காயட்டும். காஞ்ச ரொட்டியை டீயில நனைச்சுத் தின்னுக்கலாம். உம் மவன் அஞ்சு வருஷம் காஞ்சு வந்தான்னா எதுல நனைப்பே?”

காய்கறிக்காரி தன் கடைக்குத் திரும்பினாள்.

இந்தப் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. கையைச் சுட்டுக்கொண்டதால் வந்தது. சுட்டது அவளுடைய கை என்றால்கூடப் பரவாயில்லை. சுட்டது நாத்தனார் நெலிதாவின் கை.

நெலிதா, சிக்ஸ்தாவின் கணவனுடைய கடைசித் தங்கை. இருபத்தைந்து வயதில் ஆசிரியர் படிப்புக்குச் சேர்ந்தாள். கீழே டயர் கடை, மேலே மூன்று மாடியில் பல்கலைக்கழகம். அப்போது உரிமம், பட்டியல் என்று யார் கண்டார்கள்? எல்லாரும் பார்த்தது வாசலில் பதித்திருந்த வெண்கலப் பலகையைத்தான். ஒவ்வொரு வருடமும் சேர்ந்தவர்களின் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை வெட்டிப் பதிப்பது இங்கே வழக்கம். பேருந்து முதலாளி பெயர் இருந்தது. மருந்துக்கடைக்காரர் பெயர் இருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், விசாரிக்காமலா கொடுத்திருப்பார்கள் என்று சிக்ஸ்தாவும் தன் பெயரைக் கொடுத்தாள். பேருந்து முதலாளி மருந்துக்கடைக்காரரைப் பார்த்துக் கொடுத்தார், மருந்துக்கடைக்காரர் பேருந்து முதலாளியைப் பார்த்துக் கொடுத்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. நெலிதா பட்டம் வாங்கி வேலைக்கு மனுப் போட்டபோது, அப்படி ஒரு பல்கலைக்கழகமே பதிவில் இல்லை என்று பதில் வந்தது. மறுமாதம் மூன்று மாடியும் டயர் கடைக்கே போய்விட்டது.

அதைவிட ஒன்றுதான் சிக்ஸ்தாவை உறங்கவிடாமல் அடித்தது. நெலிதாவுக்கு அடுத்த வருடம் அங்கே சேர்ந்த முட்டைக்காரி மகள், “உங்க பேரு இருந்துச்சேன்னுதான் சேர்ந்தேன் அக்கா” என்று சொல்லிவிட்டாள். குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னாள். சிக்ஸ்தா அன்று சாப்பிடவில்லை. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகச் சேர்ந்தால் பசி எடுக்காது.

வெண்கலப் பலகையைப் பழைய இரும்புக்காரனிடம் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். இன்றும் புதுக் கட்டிகளில் நீர் பிழிய வைக்கும் பாரம் அதுதான். பெயர்கள் மேலே பார்த்திருக்கும். எப்போதாவது அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டால், அந்தக் கட்டியின் முதுகில் மருந்துக்கடைக்காரரின் பெயரில் பாதி பதிந்திருக்கும். அதைக் கொஞ்சம் மலிவாகக் கொடுப்பாள்.

நெலிதாவின் மோதிரம் மட்டும் கழலவில்லை. ஆண்டுகள் ஓட விரல் பருத்துவிட்டது. சோப்பு, எண்ணெய், நூல் எல்லாம் முயன்றாயிற்று. “கெடக்கட்டும் அண்ணி, அழகாத்தானே இருக்கு” என்பாள் நெலிதா. சிக்ஸ்தா அந்தக் கையைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டாள்.

நெலிதாவுக்கு இப்போது முப்பத்தொன்பது. ஒரு பாலர் பள்ளியில் ஒன்பது வருடமாக உதவியாள். மூக்குச் சிந்துவது, காலணிக் கயிறு கட்டுவது, அழுகிறதைத் தூக்கி வைத்துக்கொள்வது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டைப் பாடினால் சோறு இறங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் ‘டீச்சர்’ என்று கூப்பிடும். தலைமையாசிரியை உடனே, “டீச்சர் இல்ல கண்ணு, நெலிதா” என்று திருத்துவாள். கெட்டவள் அல்ல, சட்டம் தெரிந்தவள். அவள்தான் இந்த வருடம், “ஒழுங்கான பட்டப்படிப்புல பேரு பதிஞ்சிருந்தா உன்னை வெச்சுக்க முடியும் நெலிதா. இல்லேன்னா மார்ச்சுல வேற ஆள் வந்துரும்” என்று சொல்லியிருந்தாள்.

ஆக, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்ஸ்தாவின் இருநூற்றுப் பதினான்காம் கடைக்கு ஒரு கூடை வந்தது. பின்னாலேயே நெலிதா வந்தாள்.

“அண்ணி, திட்டாதே. மறுபடியும் சேரப்போறேன். நீதான் ஞானத்தாய்.”

“மறுபடியுமா? விரல்ல எடம் இருக்கா?”

“இன்னொரு கை இருக்குல்ல” என்றாள் நெலிதா. “நுவேவா கோர்தியெரா பல்கலைக்கழகம். தலைநகர்ல பெருசா இருக்காம். இங்க இந்த வருஷந்தான் தொறந்தாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நானே பட்டியல்ல பார்த்துட்டேன் அண்ணி, பேரு இருக்கு! நீ வேணா உன் அயோடினையும் ஊத்திப் பாத்துக்கோ.”

சிக்ஸ்தா கூடையைப் பலகைமேல் ஏற்றினாள். அப்தியாஸின் இயந்திரம் அந்த வாரம் நோயில் இருந்தது. வியாழக்கிழமைதான் பட்டியல் வந்தது. விரல் வரிவரியாக இறங்கி, நின்றது. பெயர் இருந்தது. உரிம எண் இருந்தது. விளக்கப் புத்தகத்தின் பின்பக்கத்து எண்ணோடு ஒட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளி பிசகவில்லை.

“அப்புறமென்ன, கடிக்க வேண்டியதுதானே” என்றான் அப்தியாஸ்.

சிக்ஸ்தாவுக்கே மனசு நிறைந்து வந்தது. கூடையை இறக்கினாள். துணியின் முடிச்சில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து நகராட்சி ஆய்வாளர் வந்து நின்றார்.

பக்கத்து இருநூற்றுப் பதினைந்தாம் கடைக்காரி இலாரியாவுக்கு அன்று காய்ச்சல். கடை சும்மா கிடக்கிறதே என்று சிக்ஸ்தா நான்கு கட்டிகளை அவள் மேடையில் பரப்பியிருந்தாள். ஆய்வாளர் உரிமத்தைக் கேட்டார். பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

“உரிமம் சரியா இருக்கும்மா” என்றார் ஆய்வாளர். “ஆனா இது இருநூத்திப் பதினாலுக்கு. இந்த நாலு சீஸும் இருநூத்திப் பதினஞ்சுல இருக்கு.”

“ஒரே சந்தை, ஒரே கூரை! எட்டி உக்காந்தா என் முழங்கை அங்க இருக்கு சார்!”

“முழங்கை இருக்கலாம். சீஸ் இருக்கக்கூடாது. உரிமம் இடத்துக்குத்தாம்மா, ஆளுக்கில்ல.”

நான்கு கட்டிகளும் நகராட்சி வண்டியில் ஏறின. சிக்ஸ்தா வாயாரத் திட்டினாள். அவருடைய தொப்பியை, தொப்பிக்குக் கீழே இருப்பதை, அதைப் பெற்றவர்களை. பாதித் திட்டில் நிறுத்திவிட்டாள். திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆய்வாளரே என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தார்.

“அப்தியாஸு” என்றாள். “அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கடை எண் என்ன?”

“என்னக்கா ஒளர்றே?”

“உரிமம் எந்த எடத்துக்குக் குடுத்திருக்கான்? அது எங்கேயாச்சும் போட்டிருப்பான். தேடு.”

அப்தியாஸ் தேடினான். திரையிலிருந்த பட்டியலில் பெயரைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறந்தது. அதுவரை அதை யாரும் தொட்டதில்லை. உரிமம் பெற்ற வளாகங்கள்: இரண்டு. இரண்டும் தலைநகரில். தெருப் பெயர், கதவு எண் எல்லாம் இருந்தன. ஹுலியாக்கா என்ற சொல் மேலிருந்து கீழ்வரை எங்கும் இல்லை.

சிக்ஸ்தா முடிச்சை இறுக்கிக் கட்டிக் கூடையைத் திரும்பவும் பலகைமேல் வைத்தாள்.

சாயங்காலம் வந்த நெலிதா நம்பவில்லை. நம்பாதது மட்டுமல்ல, வெடித்தாள். “பேரு இருக்கு, நம்பர் இருக்கு, இப்ப கதவு நம்பர் வேணுமா உனக்கு? நான் டீச்சராகுறது உனக்குப் பிடிக்கலேன்னு நேராச் சொல்லிரு அண்ணி! அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு மோதிரம் போட்டே. இன்னிக்கு ஊர்ல இல்லாத கண்ணு தொறந்திருச்சா?”

அந்தக் கேள்வி எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. சிக்ஸ்தா ஆணியிலிருந்து தன் உரிமத்தைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “நாளைக்குக் கடையை அப்தியாஸ் பாத்துப்பான். நானும் வர்றேன். வாய்தொறந்து கேப்போம். பதில் சரியா வந்தா அங்கேயே வெச்சு ரொட்டியைக் கடிக்கிறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கூடையும் கையுமாகப் போனார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை. சேர்க்கை அதிகாரி ரோகர் பினெலோ, மெல்லிய மீசை, கனத்த மரியாதை. சிக்ஸ்தாவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“இருநூத்திப் பதினாலு சிக்ஸ்தா அம்மாவா! சந்தையில உங்களைத் தெரியாதவங்க உண்டா? இங்க பாருங்க.” சுவரில் பளபளவென்று ஒரு வெண்கலப் பலகை. மேலே பல்கலைக்கழகத்தின் பெயர்; கீழே வெறுமை. “முதல் வருஷத்து ஞானத்தாய்மார் பேரு. முதல் பேரா உங்க பேரைத்தான் வெட்டப்போறோம். செலவு எங்களோடது.”

நெலிதா பெருமையாக அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கனம். கட்டி பிழிய ஏற்றதுதான்.

“சார், நான் படிக்காதவ” என்றாள். பைக்குள்ளிருந்து உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். உறையில் மோரின் கறை திட்டுத்திட்டாக இருந்தது. “இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

அதிகாரி குழம்பினார். “பாலாடைக்கட்டி விற்பனை... கடை எண் இருநூத்திப் பதினாலு.”

“நேத்து இருநூத்திப் பதினஞ்சுல வெச்சேன். தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப உங்களோடதைக் காட்டுங்க. இந்த எடத்துக்கு, இந்தக் கதவு நம்பருக்கு.”

“அது வந்து... தலைநகர் வளாகத்துக்கு முழு உரிமம் இருக்கும்மா. இங்கத்தது பரிசீலனையில இருக்கு. வந்துரும். பட்டம் எப்படியும் தலைநகர் பேர்லதான் அச்சாகும்.”

“பரிசீலனையில இருக்குன்னா, இல்லேன்னு அர்த்தமா, இருக்குன்னு அர்த்தமா?”

“அம்மா, அது சீஸு, இது உயர்கல்வி. ரெண்டையும் ஒண்ணாப் பேசலாமா?”

“பேசக்கூடாதுதான் சார். சீஸ் கெட்டுச்சுன்னா மறுநாளே நாறும். இது நாற அஞ்சு வருஷம் ஆகுது.”

அதிகாரியின் மீசை ஒரு பக்கமாகச் சிரித்தது. பிறகு மரியாதையைத் தளர்த்திக்கொண்டு நெலிதாவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க டீச்சர். முப்பது பேர் சேர்ந்துட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் மூடிருவோம். கையெழுத்துப் போடுறீங்களா?”

டீச்சர் என்றார். ஒன்பது வருடத்தில் அவளைத் திருத்தாமல் டீச்சர் என்று கூப்பிட்ட முதல் பெரிய மனிதர். நெலிதா பேனாவை எடுத்தாள். மோதிரம் இருந்த கை அது. சிக்ஸ்தா தடுக்கவில்லை. இந்த முறை அவள் கையைப் பிடித்து இழுத்தால், ஆயுள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உரிமத்தை எடுத்து ஏப்ரன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நெலிதா படிவத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டவில்லை. அப்படியே கவிழ்த்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, அண்ணி செய்வதைப்போலவே எழுத்தெழுத்தாக நகர்த்தினாள். உதடும் நகர்ந்தது. ‘வளாகத்தின் உரிம நிலை குறித்து மாணவர் முழுமையாக அறிந்தே சேர்கிறார்’ என்று அங்கே பொடியாக அச்சிட்டிருந்தது. இரண்டு முறை படித்தாள். பேனாவின் மூடியைப் போட்டு, அதிகாரி எடுக்க வசதியாக, நேராக வைத்தாள்.

“அறிஞ்சுட்டேன் சார்” என்றாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் கூடை உட்கார்ந்து வந்தது. கடைக்கு வந்ததும் நெலிதா, கட்டிகளுக்கு நடுவில் கிடந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சிக்ஸ்தாவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“மார்ச்சுல வேற ஆள் வந்துரும் அண்ணி. வந்து, எந்தப் பிள்ளைக்கு என்ன பாட்டுன்னு எங்கிட்டயே கேப்பா” என்றாள். பிறகு, “கூடையை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். சேர எடமே இல்லாதவளுக்கு ஞானத்தாய் எதுக்கு?” என்று கையை நீட்டினாள்.

சிக்ஸ்தா கூடையைக் கொடுக்கவில்லை. மடிமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். செவ்வாய்க்கிழமை ரொட்டி, மலைக்காற்றில் நான்கு நாள் காய்ந்து கல்லாகியிருந்தது. எதிரே அப்தியாஸ் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். காய்கறிக்காரியும் பார்த்தாள்.

“அண்ணி, என்ன பண்றே? எந்தப் பல்கலைக்கழகம்னே தெரியாம...”

சிக்ஸ்தாவின் பக்கத்திலேயே ஆவி பறக்க டீ இருந்தது. அவள் அதை நகர்த்தி வைத்தாள். ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, நனைக்காமல், சத்தம் கேட்கக் கடித்தாள்.